கதவை அடைத்தால் கடன் தீருமா?

மேற்கு லண்டனில் இருக்கும் ஈலிங் டிரெயில்ஃபைண்டர்ஸ் என்ற ரக்பி கிளப் 2022இல் இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்கில் முதலிடம் பிடித்தது. 2024இல் மறுபடியும் பிடித்தது. 2025இல் இன்னொரு முறை. மூன்று தடவை கோப்பையைத் தூக்கியும் முதல்நிலை லீக்கான பிரீமியர்ஷிப்பில் அந்த அணி கால்வைக்கவில்லை. மேலே ஆட விரும்பும் கிளப்புக்குக் குறைந்தது 10,001 பேர் கொள்ளும் மைதானம் வேண்டும் என்பது விதியாக இருந்தது. ஈலிங்கின் மைதானம் அந்தக் கணக்குக்குக் கிட்டே வராது. 2022இல் மேல்முறையீடு செய்து பார்த்தார்கள், பலிக்கவில்லை.

மேலிருந்து கீழே வந்தவர்களின் கணக்கு இதைவிடச் சிறியது. ஆடித் தோற்று, கடைசி இடத்துக்குப் போய், அதனால் பிரீமியர்ஷிப்பை விட்டு இறங்கிய கடைசி அணி நியூகாசில் ஃபால்கன்ஸ். அது நடந்தது 2019இல். அடுத்த ஆண்டு சரசென்ஸ் இறங்கியது உண்மைதான், ஆனால் அது சம்பள உச்சவரம்பை மீறியதற்குக் கிடைத்த தண்டனை. 53.6 லட்சம் பவுண்டு அபராதம், முதலில் 35 புள்ளி வெட்டு, பிறகு அதுவே 105 ஆகி இறக்கம். 2021இல் அவர்கள் திரும்பி வந்த பிறகு 2025 வரை யாரும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள், பிறகு நீட்டித்தார்கள், பிறகு மைதான விதியே போதுமானதாக ஆகிவிட்டது. அதற்குப் பின் தானியங்கி ஏற்ற இறக்கத்தை ஒழித்துவிட்டு, தகுதி பார்த்துப் புதிய கிளப்புகளை உள்ளே அழைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை அதிகார மேசைக்கே வந்தது. நடைமுறையில் அடைபட்டுவிட்ட கதவுக்குச் சட்டப்படி பூட்டுப் போடலாமா என்பதுதான் கேள்வி. போடக்கூடாது என்பது என் கட்சி. ஆனால் போடச் சொல்கிறவர்கள் பக்கமும் வலுவான நியாயங்கள் உண்டு. அவற்றை எடைபோடாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது.

ஐபிஎல் பார்த்துப் பழகிய நமக்கு மூடிய லீக் புதிதல்ல. கடைசி இடத்துக்குப் போன அணி அடுத்த ஆண்டும் அதே கோடிகளோடு ஏலத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஐரோப்பாவின் கிளப் விளையாட்டுகள் வேறு வழக்கத்தில் வளர்ந்தவை. அங்கே லீக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் முதலாவது வந்தவர் மேலே போவார், கடைசியில் நின்றவர் கீழே வருவார். கிராமத்துக் கிளப்பும் தொடர்ந்து வென்றால் ஒருநாள் நாட்டின் உச்ச லீக்கில் ஆடலாம், கணக்கு அப்படித்தான்.

ஆங்கிலேய ரக்பி யூனியனில் இந்த ஏணி அவ்வளவு பழையதல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ரக்பி கால்பந்து யூனியன் 1871இல் தோன்றியது. வேலைக்குப் போகாமல் ஆட வந்த தொழிலாளிக்கு அந்த நாள் கூலியை ஈடுகட்டலாமா என்ற சண்டையில் 1895இல் வடக்கத்திக் கிளப்புகள் பிரிந்துபோயின, ரக்பி லீக் என்ற தனி விளையாட்டு பிறந்தது. லீக் என்று ஒன்று வந்தால் போட்டி கடுமையாகும், போட்டி கடுமையானால் ஆட்டக்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டிவரும் என்ற அச்சம் யூனியனை ஏறக்குறைய நூறாண்டு பிடித்து வைத்திருந்தது. கிளப்புகள் நட்பு ஆட்டங்களிலேயே காலம் தள்ளின. தேசிய அளவில் ஏற்ற இறக்கத்தோடு கூடிய லீக் 1987இல்தான் வந்தது. ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்ற அறிவிப்பு 1995 ஆகஸ்டில் வந்தது. நூற்றாண்டு மரபை உடைக்கிறார்கள் என்று கூச்சலிட வேண்டாம், இதற்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை என்று மூடச் சொல்கிறவர்கள் கூறுவது சரியான தகவல்தான்.

ஆனால் அந்தக் குறுகிய காலத்தில் ஏணி என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். சர் ஜான் ஹால் பணம் போட்ட நியூகாசில் 1997இல் மேலே வந்தது, வந்த முதல் பருவத்திலேயே 1998இல் நாட்டின் சாம்பியன் ஆனது. ஹார்லக்வின்ஸ் 2005இல் இறங்கியது. ஓராண்டில் திரும்பி வந்து 2012இல் சாம்பியன் ஆனது. நார்தாம்ப்டன் 2007இல் இறங்கியது. இரண்டாம் நிலையில் ஆடிய 30 லீக் ஆட்டங்களையும் வென்று திரும்பியது, 2014இல் சாம்பியன். எக்ஸிட்டர் சீஃப்ஸ் 2010 மே மாதம் பிரிஸ்டலை அவர்கள் மைதானத்திலேயே வீழ்த்தி மேலே வந்தது. எக்ஸிட்டர் இருக்கும் டெவன் மண்ணின் மைந்தரான ராப் பாக்ஸ்டர் பயிற்சியாளர். உள்ளூரில் திரட்டிய ஆட்டக்காரர்கள் பலரையும் வைத்து 2017இல் நாட்டின் பட்டத்தையும், 2020இல் நாட்டின் பட்டம், ஐரோப்பியக் கோப்பை இரண்டையும் சேர்த்தே வென்றார்கள்.

ஐரோப்பியக் கோப்பையின் பட்டியலை எடுத்துப் பாருங்கள், விஷயம் இன்னும் தெளிவாகும். 2013 தொடங்கி 2025 வரை 13 கோப்பைகள். 2013, 2014, 2015 மூன்றும் துலோன். அது 2008இல் இரண்டாம் நிலையிலிருந்து ஏறியது. 2020 எக்ஸிட்டர், 2010இல் ஏறியது. 2022, 2023 லா ரோஷெல், 2014இல் ஏறியது. 2025 போர்தோ-பெக்ல், 2011இல் ஏறியது. ஆக 13இல் 7 கோப்பைகள், இந்த நூற்றாண்டில் கீழ்த்தட்டிலிருந்து ஏறி வந்த கிளப்புகளின் கையில். இவை ஏறுமுன் கதவுகளை அடைத்திருந்தால் ஐரோப்பிய ரக்பியின் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுச் சரித்திரத்தில் பாதி நடந்திருக்காது. மூடும் திட்டத்தை முன்வைக்கிறவர்கள் இந்தப் பட்டியலுக்குப் பதில் சொல்லி நான் பார்க்கவில்லை.

இனி எதிர்த்தரப்பு. அவர்களுடைய முதல் வாதம் முதலீடு. ஆங்கிலேயக் கிளப்புகளில் பெரும்பாலானவை ஆண்டுதோறும் நட்டத்தில் ஓடுகின்றன. அந்த நட்டத்தை யாரோ ஒரு பணக்காரர் தன் கையிலிருந்து கட்டுகிறார். இறங்கினால் தொலைக்காட்சிப் பங்கும் விளம்பரப் பணமும் ஒரே நாளில் சரியும், நல்ல ஆட்டக்காரர்கள் வேறு கிளப் தேடிப் போவார்கள். அந்த ஆபத்தோடு புதிதாக யார் பணம் போடுவார்கள்? 2018இல் சிவிசி என்ற முதலீட்டு நிறுவனம் 20 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து லீக்கின் 27 சதவீதத்தை வாங்கியது. அப்படி வருகிறவர்கள் நாளை என்ன கிடைக்கும் என்று இன்றே தெரியவேண்டும் என்பார்கள். நியூகாசிலை ரெட் புல் 2025இல் வாங்கியபோது அது கடைசி இடத்தில் கிடந்த கிளப். இறக்கம் நிச்சயம் என்றிருந்தால் அந்த நிறுவனம் வந்திருக்குமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

இரண்டாவது வாதம் ஆட்டத்தின் குணம். இறக்கப் பயத்தில் இருக்கும் அணி பந்தைக் கையில் வைத்து ஓடாது, உதைத்து உதைத்தே நேரத்தைக் கடத்தும். பதினெட்டு வயதுப் பையனைக் களமிறக்காது, முப்பத்திரண்டு வயது வெளிநாட்டுக்காரரை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் எடுக்கும். பயம் நீங்கிய 2020-21 பருவத்தில் ஆட்டம் திறந்துகொண்டது என்பதை நான் மறுக்க மாட்டேன். அந்த ஆண்டு அரையிறுதியில் பிரிஸ்டலுக்கு எதிராக 28-0 என்று பின்தங்கிய ஹார்லக்வின்ஸ், கூடுதல் நேரத்தில் 43-36 என்று வென்றது. இறுதியில் எக்ஸிட்டரை 40-38 என்று வென்றது. ரக்பி பார்க்கிற எவரும் அந்த இரண்டு ஆட்டங்களை மறக்க மாட்டார்கள். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும்: அந்த இரண்டிலும் ஆடியவர்கள் அந்த ஆண்டு உச்சியில் இருந்த அணிகள், இறக்கம் இருந்திருந்தாலும் அந்தப் பயம் அவர்களைத் தொட்டிருக்காது. மறுபக்கம், மார்ச் மாதமே பட்டத்துக்கும் வாய்ப்பில்லை, இறக்கமும் இல்லை என்று ஆகிவிட்ட இரண்டு அணிகள் மோதும் ஆட்டத்துக்கு மக்கள் எதற்காக டிக்கெட் வாங்குவார்கள்?

மூன்றாவது வாதம்தான் எனக்கு மிகவும் வலுவாகப் படுகிறது. ஏணி பெயருக்குத்தான் ஏணி, அதில் உண்மையில் ஏறி இறங்கியவர்கள் ஒரு கைப்பிடிப் பேர்தான் என்கிறார்கள். வரிசையாகச் சொல்கிறேன். 2013இல் லண்டன் வெல்ஷ் கீழே, நியூகாசில் மேலே. 2014இல் வூஸ்டர் கீழே, லண்டன் வெல்ஷ் மேலே. 2015இல் அப்படியே தலைகீழ். 2016இல் லண்டன் ஐரிஷ் கீழே, பிரிஸ்டல் மேலே. 2017இல் அது தலைகீழ். 2018இல் மறுபடி லண்டன் ஐரிஷ் கீழே, பிரிஸ்டல் மேலே. 2019இல் நியூகாசில் கீழே, லண்டன் ஐரிஷ் மேலே. எக்ஸிட்டருக்குப் பிறகு வந்த ஒரே புதுமுகம் லண்டன் வெல்ஷ். அதன் கதையோ பரிதாபம். 2014-15இல் 22 ஆட்டங்களில் 22இலும் தோற்றது, 2017 தொடக்கத்தில் தொழில்முறைக் கிளப்பாகவே இல்லாமல் போனது. இதற்கு முன் ராதரம் 2003-04இல் அதே மாதிரி 22க்கு 22 தோற்றது. இதைப் பார்த்துவிட்டு, கீழேயிருந்து வருகிறவர்களை இப்படி அடிவாங்கவிட்டு என்ன பயன் என்று கேட்பதில் தவறில்லை.

ஆனால் ஏன் அப்படி ஆனது? மேலே இருக்கும் கிளப்புகளிடம் லீக்கின் பங்குகள் இருக்கின்றன. பங்குதாரக் கிளப் கீழே இறங்கினாலும் மையப் பணத்தில் ஒரு பகுதி அதனோடு கூடவே வரும். அந்தப் பணத்தோடு அது இரண்டாம் நிலையில் ஆடும், மற்றவர்களுக்கு அதன் பக்கத்தில் நிற்கவே முடியாது. பங்கில்லாத கிளப் மேலே வந்தால் அதற்குக் கிடைப்பது குறைந்த பங்கு. மே மாதக் கடைசியில் ஏற்றம் உறுதியாகும், செப்டம்பரில் ஆட்டம் தொடங்கும். நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் ஜனவரியிலேயே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். இப்படி ஓர் ஏற்பாட்டில் புதியவர் 22இல் 22 தோற்றார் என்றால் வெட்கப்பட வேண்டியது அந்த ஏற்பாடு.

விதிகளும் எல்லோருக்கும் ஒன்றுபோல் இருக்கவில்லை. 2002இல் ராதரம் இரண்டாம் நிலையில் முதலிடம் வந்தபோது மைதானம் சரியில்லை என்று தடுத்தார்கள், கடைசியில் நின்ற லீட்ஸ் தப்பித்தது. 2012இல் லண்டன் வெல்ஷை, ஆக்ஸ்ஃபோர்டில் அவர்கள் வாடகைக்கு ஆடப்போகும் மைதானத்தில் உங்களுக்கு முன்னுரிமை கிடையாது, கால்பந்துக் கிளப்புக்குத்தான் என்று சொல்லித் தடுத்தார்கள். அப்போது பிரீமியர்ஷிப்பிலேயே லண்டன் ஐரிஷ் ரெடிங்கிலும், வாஸ்ப்ஸ் விக்கம்பிலும், சரசென்ஸ் வாட்ஃபர்டிலும் கால்பந்துக் கிளப்புகளின் மைதானங்களில் ஆடிக்கொண்டிருந்தன! மேல்முறையீட்டில் அந்த விதி போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று முடிவாகி, லண்டன் வெல்ஷ் மேலே போனது. உள்ளே இருப்பவருக்கு ஒரு நீதி, வாசலில் நிற்பவருக்கு ஒரு நீதி என்று இருந்ததற்கு அந்தத் தீர்ப்பே சாட்சி. இனி தகுதி பார்த்துத்தான் சேர்ப்போம் என்று அதே ஆட்கள் சொல்லும்போது எனக்கு நம்பிக்கை வராததற்கு இதுதான் காரணம்.

வூஸ்டர் வாரியர்ஸ் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், இந்தக் கேள்வியின் இரண்டு முனைகளும் அதில் இருக்கின்றன. 2015 ஜூன் மாதம், அவர்களுடைய சிக்ஸ்வேஸ் மைதானம். பிரிஸ்டலோடு இரண்டு கட்ட ஏற்றப் போட்டியின் இரண்டாம் ஆட்டம். முதல் கட்டத்தை வூஸ்டர் ஒரே ஒரு புள்ளியில், 29-28 என்று வென்றிருந்தது. இரண்டாம் கட்டத்தில் நேரம் முடியப்போகிறது, பிரிஸ்டல் 30-23 என்று முன்னால் நிற்கிறது, மொத்தக் கணக்கில் ஆறு புள்ளி முன்னிலை. கடைசித் தருணத்தில் கிறிஸ் பென்னல் கோட்டைத் தாண்டி டிரை வைக்கிறார், ஐந்து புள்ளி. இன்னும் ஒன்று குறைகிறது. ரயன் லேம்ப் கன்வெர்ஷன் உதைக்க வருகிறார். அந்த உதையில் ஒரு கிளப்பின் அடுத்த ஆண்டு வரவு செலவு, ஐம்பது அறுபது பேரின் வேலை, இரண்டு ஊர்களின் கோடைகாலம் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன. பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. ஆட்டம் 30-30, மொத்தம் 59-58. கீழ்நிலை வட்டார லீக்கில் தொடங்கி செசில் டக்வொர்த் என்ற உள்ளூர்த் தொழிலதிபரின் ஆதரவில் படிப்படியாக ஏறிவந்த கிளப் மறுபடியும் மேலே.

ஏழு ஆண்டு கழித்து, 2022 செப்டம்பரில் அதே கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது. வரிப் பாக்கி, சம்பளப் பாக்கி, கடன். அக்டோபரில் நீதிமன்ற உத்தரவால் ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்கள் ஒரே நாளில் ரத்தாயின. சில நாட்களில் வாஸ்ப்ஸ். ஆறு முறை நாட்டின் சாம்பியன், இரண்டு முறை ஐரோப்பிய சாம்பியன், விக்கம்பை விட்டு 2014இல் கவென்ட்ரிக்குப் போய் மைதானம் வாங்கக் கடன்பத்திரம் வெளியிட்டு, அந்த 3.5 கோடி பவுண்டைத் திருப்பிக் கட்ட முடியாமல் மூழ்கியது. 2023 ஜூனில் லண்டன் ஐரிஷ். ஒன்பது மாதத்துக்குள் மூன்று கிளப்புகள் போய், 13 அணிகளின் லீக் 10 ஆனது.

இந்த மூன்றும் விழுந்த காலத்தைப் பாருங்கள். 2020-21இல் இறக்கம் இல்லை, 2021-22இல் இல்லை, 2022-23இல் இல்லை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். மூடச் சொன்னவர்கள் கேட்ட அதே பாதுகாப்பு முழுமையாகக் கிடைத்திருந்த ஆண்டுகளில்தான் மூன்று கிளப்புகள் விழுந்தன. கொரோனாவின் அடி பெரியது, முந்தைய கடன்களும் இருந்தன, உண்மை. இறக்கம் இருந்திருந்தால் இவை பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. இறக்கத்தை நிறுத்தியது இவற்றைக் காப்பாற்றவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். கிளப்பைக் கொன்றது வருமானத்துக்கு மேல் சம்பளம் கொடுத்த பழக்கமும், யார் பணம், எங்கிருந்து வருகிறது, வரி கட்டியாயிற்றா என்று நேரத்தில் கேட்க ஆளில்லாததும். சம்பள உச்சவரம்பை 2021-22 முதல் 64 லட்சம் பவுண்டிலிருந்து 50 லட்சமாகக் குறைத்தார்கள், கொஞ்சம் மூச்சு வந்தது. 2024-25இல் மறுபடியும் 64 லட்சமாக்கினார்கள். வருமானம் கூடிவிட்டதா என்று கேட்டால் பத்து அணிகளுக்குப் பங்கு பிரிப்பதால் தலைக்குக் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான்.

இரண்டாம் நிலையில் இதே காலத்தில் நடந்ததை இங்கிலாந்திலேயே பலர் கண்டுகொள்ளவில்லை. 2020 பிப்ரவரியில் யூனியன் அந்த லீக்குக்குக் கொடுத்துவந்த நிதியை ஏறக்குறையப் பாதியாக வெட்டியது. அடுத்தடுத்து இன்னும் சுருங்கியது. ஜெர்ஸி ரெட்ஸ் 2023இல் அந்த லீக்கை வென்றது, அதே ஆண்டு செப்டம்பரில், கதவை இழுத்து மூடியது. சாம்பியன் கிளப் சில மாதங்களில் இல்லை. கார்ன்வாலின் கோடியில் பென்சான்ஸில், மென்னே ஃபீல்டு என்ற பழைய மைதானத்தில் ஆடும் கார்னிஷ் பைரட்ஸ் 2011, 2012 இரண்டு ஆண்டும் ஏற்ற இறுதிப் போட்டி வரை போனது. 2021 மார்ச்சில், உலகக்கோப்பை ஆடிய வீரர்கள் நிறைந்த சரசென்ஸ் கீழே வந்து ஆடிய முதல் லீக் ஆட்டத்திலேயே அதை 25-17 என்று தோற்கடித்தது. கார்ன்வாலில் ரக்பி மீதுள்ள பற்றுக்கு இங்கிலாந்தில் ஈடு சொல்வது கடினம். அங்கே பெரிய மைதானம் கட்டும் திட்டம் பல ஆண்டு பேச்சிலேயே போனது. மேலே போகவே முடியாது என்று எழுதி வைத்துவிட்ட லீக்கில் எந்த நகரசபை மைதானத்துக்குப் பணம் ஒதுக்கும், எந்த வியாபாரி பங்கு எடுப்பார்? கதவு அடைத்திருப்பதால் கட்டவில்லை, கட்டாததால் கதவைத் திறக்கவில்லை. இந்தச் சுற்றிலிருந்து வெளியே வரக் கீழே இருப்பவர்களால் மட்டும் முடியாது.

ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினால் பிரான்ஸில் வேறு நிலைமை. டாப் 14 லீக்கின் கடைசி அணி நேராக இறங்கும். கடைசிக்கு முந்தையது, இரண்டாம் நிலையான புரோ டி2 லீக்கின் இறுதியில் தோற்ற அணியோடு ஒரே ஓர் ஆட்டம் ஆட வேண்டும், வென்றவருக்கு மேல் லீக். 2021இல் அந்த ஆட்டம் பாஸ்க் நாட்டின் இரண்டு அண்டை ஊர்களுக்கு நடுவே அமைந்தது. பையோனும் பியாரிட்ஸும் சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஊர்கள், நூறாண்டுப் பகை. கூடுதல் நேரமும் முடிந்து 6-6. உதைப் போட்டி வைத்தார்கள். பையோனின் இளம் வீரர் ஒருவர் தவறவிட்டார். முன்கள மோதலில் உடம்பைக் கொடுத்தே பழகிய ஸ்டெஃபன் ஆர்மிட்டேஜ், உதைப்பதே வேலையில்லாத அந்த மனிதர், கடைசி உதையைப் போட்டு பியாரிட்ஸை மேலே அனுப்பினார். மக்கள் மைதானத்துக்குள் வெள்ளமாய்ப் பாய்ந்தார்கள். பையோன் என்ன ஆனது? ஓராண்டில் திரும்பி வந்தது, 2025இல் டாப் 14 அரையிறுதி வரை போனது. ஏறிய பியாரிட்ஸ் 2022இலேயே மறுபடி இறங்கியது. கால்பந்து மண்ணான பிரிட்டனியிலிருந்து வான் என்ற ஊரின் கிளப் 2024இல் முதன்முறையாக மேலே வந்தது, அடுத்த ஆண்டே இறங்கியது. அதற்காக அந்த ஊர் ரக்பியைக் கைவிடவில்லை.

இறக்கம் இருந்தால் முதலீடு வராது என்பவர்கள் பிரான்ஸுக்கு என்ன சொல்வார்கள்? 2023இல் தொடங்கிய நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் கனால் பிளஸ் தொலைக்காட்சி டாப் 14க்கு ஆண்டுக்குச் சராசரி 11 கோடி யூரோவுக்கு மேல் கொடுக்கிறது. இரண்டாம் நிலை லீக்குக்கும் தொலைக்காட்சி உண்டு, நிறைந்த மைதானங்கள் உண்டு, சம்பளம் உண்டு. அதனால் இறங்கிய கிளப் படுகுழியில் விழுவதில்லை, ஒரு படி கீழே நிற்கிறது. கூடவே கணக்குத் தணிக்கைக்கென்று தனி அமைப்பு இருக்கிறது. பருவம் தொடங்கும் முன் ஒவ்வொரு கிளப்பும் வரவு செலவுத் திட்டத்தை அதன் முன் வைக்க வேண்டும். சரியில்லை என்றால் சம்பளச் செலவுக்குக் கட்டுப்பாடு, அபராதம், கடைசியில் களத்தில் எந்த இடத்தில் இருந்தாலும் கீழே இறக்கம். 2011இல் பூர்குவானுக்கு அது நடந்தது. பிரான்ஸில் எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் பல கிளப்புகள் நட்டத்தில் ஓடுகின்றன, தென்மேற்கு ஊர்களில் ரக்பிக்கு இருக்கும் செல்வாக்கு இங்கிலாந்தில் கால்பந்துக்குத்தான் இருக்கிறது, பல மைதானங்களை நகரசபைகளே பராமரிக்கின்றன. அப்படியே தூக்கிக்கொண்டு வந்து நட முடியாது. ஆனால் தணிக்கை அமைப்பை நடுவதற்கு மண் வேறு என்பது தடையே அல்ல.

மூடிய லீக்குகள் எப்படி இருக்கின்றன? அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, இத்தாலி, தென்னாப்பிரிக்கா நாடுகளின் 16 அணிகள் ஆடும் யுஆர்சி என்ற லீக்கில் இறக்கமே கிடையாது. அங்கே அயர்லாந்தின் லென்ஸ்டர் அணி செழிக்கிறது. டப்ளின் பள்ளிகளிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், அயர்லாந்து யூனியனே நான்கு மாகாண அணிகளையும் நடத்துகிறது. அதே லீக்கில் வேல்ஸைப் பாருங்கள். 2003இல் ஊர்க் கிளப்புகளை ஒதுக்கி வட்டார அணிகள் அமைத்தார்கள். ஓராண்டிலேயே கெல்டிக் வாரியர்ஸ் கலைக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் கார்டிஃப் திவால் நிர்வாகத்துக்குப் போய் யூனியன் கையேற்க வேண்டியதாயிற்று. இருக்கும் நான்கு அணிகளைக் குறைக்க யூனியனே திட்டமிட்டது. தெற்கே சூப்பர் ரக்பியும் மூடிய போட்டிதான். 2017இல் பெர்த்தின் வெஸ்டர்ன் ஃபோர்ஸை நீக்கினார்கள், 2024இல் மெல்பர்ன் ரெபெல்ஸ் போனது. மூடிய லீக்கில் இறக்கம் இல்லை என்பது பாதி உண்மைதான். அங்கே கீழே போக இடமில்லாததால் பலவீனமான அணி நேராக இல்லாமலே போகிறது. எந்த அணி போக வேண்டும் என்பதைப் புள்ளிப் பட்டியல் முடிவு செய்யாது, ஒரு குழு அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்யும். ஜப்பான், பெரிய கம்பெனிகளின் பணத்தில் ஓடும் லீக் ஒன் போட்டியை 2022இல் தொடங்கியபோது மூன்று நிலைகளோடும், நிலைகளுக்கு நடுவே மாற்று ஆட்டங்களோடும்தான் தொடங்கியது. பணம் போட்ட கம்பெனிகள் ஓடிவிடவில்லை.

ஆகவே எதைச் செய்ய வேண்டும் என்பதில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. தானியங்கி இறக்கம் இப்போதைக்கு வேண்டாம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். கீழ் லீக் நலிந்து கிடக்கும்போது அது இறங்குகிறவருக்கும் ஏறுகிறவருக்கும் கொடுமையாகத்தான் முடியும். ஆனால் ஆண்டுதோறும் இரண்டு கட்ட ஆட்டம் ஒன்று வேண்டும்: மேலே கடைசி, கீழே முதல். யார் வென்றாலும் அந்த ஆண்டுக்கான மையப் பணத்தில் சம பங்கு, பங்குதாரர் என்றோ புதியவர் என்றோ பேதம் கூடாது. ஏறும் கிளப்புக்கு மைதானம் பெரிதாக்க மூன்று நான்கு ஆண்டு அவகாசம். பிரெஞ்சு மாதிரியில், கிளப்புகளுக்குக் கட்டுப்படாத தணிக்கை, அதுவும் இரண்டு நிலைகளுக்கும் ஒரே அளவுகோலில். 2024இல் யூனியனும் பிரீமியர்ஷிப்பும் எட்டு ஆண்டுக்கு 26.4 கோடி பவுண்டு ஒப்பந்தம் போட்டன. அந்தத் தொகையில் இருபதில் ஒரு பங்கு போதும், இரண்டாம் நிலை லீக்குக்கு ஆண்டுக்குப் பதினாறரை லட்சம் பவுண்டு கூடுதலாகக் கிடைக்கும். தேசிய அணிக்கு ஆட்டக்காரர்களை வளர்ப்பதில் அந்த லீக்குக்கும் பங்கு உண்டு. உச்ச லீக்கில் வாய்ப்புக் கிடைக்காத பத்தொன்பது இருபது வயதுப் பையன்கள் இரவல் ஒப்பந்தத்தில் பெட்ஃபர்டிலும் நாட்டிங்காமிலும் கவென்ட்ரியிலும் ஆடித்தான் பக்குவப்படுகிறார்கள்.

தகுதி பார்த்துச் சேர்க்கும் முறையே போதும் என்று நினைப்பவர்கள் ரிச்மண்ட் கிளப்பைப் பற்றி யோசிக்கலாம். அது 1990களில் ஒரு பணக்காரரின் பணத்தில் மேலே வந்து, தன் ஊரை விட்டு ரெடிங்கின் பெரிய மைதானத்துக்குப் போனது. அந்தப் பணம் நின்றதும் 1999இல் திவாலாகி, அதன் தொழில்முறைப் பிரிவை லண்டன் ஐரிஷோடு இணைத்துவிட்டார்கள். பெரிய மைதானம், பெரிய முதலீட்டாளர், இன்று கேட்கும் தகுதிகள் எல்லாம் அன்று அதனிடம் இருந்தன. பிறகு அந்தக் கிளப்பின் உறுப்பினர்கள் பழைய ஊரில், ஏணியின் அடிப்படியில், சம்பளமில்லாத ஆட்டக்காரர்களோடு மறுபடி தொடங்கினார்கள். ஒவ்வொரு படியாக ஏறி 2016இல் இரண்டாம் நிலைக்கு வந்தார்கள், இறங்கினார்கள், 2025இல் மூன்றாம் நிலையை வென்று மறுபடி ஏறினார்கள். அவர்களை விழுங்கிய லண்டன் ஐரிஷ் இப்போது லீக்கில் இல்லை. ரிச்மண்டுக்கு அடுத்த படி என்ன என்பதைத் தீர்மானிக்கும் வாக்கு, மேலே பங்கு வைத்திருக்கும் கிளப்புகளிடமும் யூனியனின் கவுன்சிலிடமும் இருக்கிறது.